ஆடியில் போடாத கையெழுத்து

1. மஞ்சள் ஸ்டிக்கர்

ஆ லெக் அங்கிள் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது நான் அவருடைய ஒப்பந்தத்தில்தான் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் எந்தப் பக்கத்தில் போடுவது என்று தடுமாறக் கூடாது என்பதற்காக ஒட்டுகிற சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர். விற்கிறவருக்கு மஞ்சள், வாங்குகிறவருக்குப் பச்சை. மறுநாள் காலையில் சைனிங். பச்சையை ஒட்டி முடித்து மஞ்சளை எடுத்திருந்தேன்.

போன் செய்தவன் குணா. டயர் கடைக்காரன். அந்த ஒப்பந்தப்படி அங்கிளின் கடையை வாங்கவிருந்தவன்.

"அக்கா, அங்கிள் போய்ட்டாருக்கா. காலையில கோப்பிக் கடையில உக்காந்த வாக்குல சாஞ்சிட்டாராம்."

பிறகு, "நாளைக்கு சைனிங் எப்படிக்கா?" என்றான். கேட்ட உடனே அவனுக்கே வெட்கமாகிவிட்டது போலிருக்கிறது. "இல்லக்கா, சும்மா கேட்டேன். நீங்க ஒண்ணும் நெனச்சிக்காதீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

நான் எதுவும் நினைக்கவில்லை. அவன் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால்தான் நினைத்திருப்பேன். மஞ்சள் ஸ்டிக்கரை மறுபடியும் தாளிலேயே ஒட்டிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மலாக்கா தெங்கேராவில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்த வக்கீல் ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வேலை பார்த்துப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். என் பெயர் மேரி. கடை வாங்குவது, விற்பது, வாடகைக்கு எடுப்பது, இவற்றுக்கான பத்திர வேலைதான் என் பிழைப்பு. வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் இப்போதும் வாட்ஸ்அப்பில் கேட்பார்கள்: அக்கா, ஸ்டேம்பிங் எந்தப் பாரத்தில், கேவியட் எப்படிப் போடுவது? அதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும் பிள்ளைகளே. ஓர் இடம் ஒருவருக்கு எப்போது சொந்தமாகிறது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சட்டப்படி எப்போது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நான் சொல்வது வேறு.

2. மூன்று கொட்டகை

குணா அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். குணா பள்ளிக்கூடத்தில் இருந்தபோது தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது எல்லார் வீட்டுச் சாமான்களையும் அந்த லோரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கியவர் அவன் அப்பாதான். தன் வீட்டுச் சாமான்களைக் கடைசியாக ஏற்றினாராம். இதைக் குணா சிரித்துக்கொண்டே சொல்வான். அவனுக்கு எல்லாமே சிரிப்புத்தான்.

அவன் மனைவி வசந்தி சிரிக்கிற ரகம் இல்லை. புக்கிட் காத்தில் என்ற ஊர்ப் பெண். வாடகை வீடுகளிலேயே வளர்ந்தவள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, வாசலில் செடி வைக்கக் கூடாது, சத்தமாகப் பாட்டுப் போடக் கூடாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்ததில் அவளுக்கு நடை கூடச் சத்தமில்லாமல் ஆகிவிட்டது. ஆபீஸ் படியேறி வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கும்வரை வந்ததே தெரியாது. கடைக் கணக்கு, சாமான் வாங்குவது எல்லாம் அவள் பொறுப்பு. குணா டயர் கழற்றுவான், மாட்டுவான், வாடிக்கையாளர்களோடு அரட்டை அடிப்பான்.

நான் அறிந்து அவர்கள் மூன்று இடம் மாறினார்கள். முதல் இடம் பெரிய சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. வாய்ப்பேச்சில் வாடகை. சாலையை அகலப்படுத்த அரசாங்கம் நிலத்தை எடுத்தது. இழப்பீடு நிலத்துக்காரருக்குப் போனது. குணாவுக்கு ஒரு வணக்கம்கூட வரவில்லை. வியாபாரம் செய்கிற வாடகைக்காரர் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவற்றில் இழப்பீட்டுப் பங்கும் ஒன்று என்று எங்கள் பாஸ் ராஜன் சார் அப்போதுதான் அவனுக்குச் சொன்னார். வியாபாரிகள் எங்களிடம் வருவதே எல்லாம் முடிந்த பிறகுதான்.

இரண்டாவது இடத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தது. ஆனால் காலம் முடிந்தால் புதுப்பித்துக்கொள்ளும் உரிமை அதில் இல்லை. நிலத்துக்காரர் மகன் அதே இடத்தில் காடி, அதாவது கார், கழுவும் கடை போட ஆசைப்பட்டான். இவர்கள் வெளியே வந்தார்கள். அந்த ஒப்பந்தத்தில் வசந்தி ஆடி மாதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது வைத்துக்கொள்ளவில்லை, அவள் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது இடம் ஒரு டுரியான் தோப்பின் முன்பக்கம். நிலத்துக்கார மலாய்க்காரர் நல்ல மனிதர். நிலம்தான் சரியில்லை. நிலப் பட்டாவில் அது விவசாய நிலம் என்று இருக்கிறது. நில அலுவலகத்திலிருந்து நிலத்துக்காரருக்கு நோட்டிஸ் வந்தது. வருடக் கடைசிக்குள் டயர் கடையை எடுக்க வேண்டும், இல்லையென்றால் நிலத்துக்கே ஆபத்து. நோட்டிஸைப் படித்துவிட்டு ராஜன் சார் கண்ணாடியைக் கழற்றினார்.

"டயர் என்ன பயிராப்பா குணா? விவசாய நெலத்துல போட்டு வச்சிருக்க?"

குணா சிரித்தான். வசந்தி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"இன்னொரு வாடகை வேணாம் சார்" என்றாள் வசந்தி. "காலி பண்ணுன்னு எவனும் நோட்டிஸ் அனுப்ப முடியாத எடம் ஒண்ணு வேணும். சின்னதா இருந்தாலும் பரவால்ல லா. எங்க பேருல இருக்கணும்."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

3. அங்கிள் கதவைத் திறந்தார்

ஆ லெக் அங்கிளின் கடை அலோர் காஜாவில் ஒரு மூலைக் கடை. பக்கத்தில் காடிகள் நிறுத்துவதற்கு நல்ல இடம். அந்தக் காலத்தில் தோட்டங்களிலிருந்து ஒட்டுப்பால், அதாவது உறைந்த ரப்பர் பால், வாங்கி விற்ற சீனர் அவர். தோட்டத்து ஆட்களோடு பழகியதால் தமிழ் பேசுவார். குணாவின் அப்பாவையும் தெரியும். கடை பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள்.

நான் நில அலுவலகத்தில் தேடிப் பார்த்தேன். பட்டா சுத்தம். கடன் இல்லை, வேறு யாரும் உரிமை கோரிப் பதிந்த கேவியட் இல்லை, வியாபாரத்துக்கான நிலம். வங்கியும் கடன் தரச் சம்மதித்தது. ஆஃபர் லெட்டர் போட்டு முன்பணம் கொடுத்தார்கள். அந்த லெட்டரில், முறையான ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று ஒரு வரி உண்டு. எல்லா ஆஃபர் லெட்டரிலும் இருக்கிற வரிதான். யாரும் படிக்காத வரியும் அதுதான்.

ஒப்பந்தம் தயாராகச் சில நாள் ஆகும் என்று சொன்னேன். வசந்தி ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அக்கா, ஆனி மாசம் முடியப் போவுது. ஆடி பொறந்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது. அதுக்குள்ள கடையில பால் காய்ச்சிடணும்."

ராஜன் சார் துள்ளிக் குதித்தார். "பணம் முழுசா கட்டல, சாவி கைக்கு வரல, அடுத்தவன் கடையில போயி அடுப்பு மூட்டுவியா? ஏதாச்சும் பத்திக்கிட்டா யாரு பொறுப்பு? பால் பொங்கினா நில ஆபீஸ்ல பேரு ஏறிடாதும்மா!"

அவர் சொன்னது சட்டப்படி அட்சரம் பிசகாதது. முழுப் பணம் கட்டுவதற்கு முன்னால் வாங்குகிறவர் உள்ளே நுழைந்துவிட்டால் பின்னால் ஆயிரம் சண்டை வரும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த ஆ லெக் அங்கிள் கையை ஆட்டினார்.

"ஏன் சத்தம் போடுறே லாயர்? பால்தானே? நீ காய்ச்சு லா வசந்தி. கதவு நான் தொறந்து விடுறேன்."

கடைசியில் ராஜன் சாரே ஒரு லெட்டர் சொல்ல, நான் அடித்தேன். ஒரு காலை வேளைக்கு மட்டும் உள்ளே போக அனுமதி, பூஜை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இதனால் கடை மீது எந்த உரிமையும் வராது. "பால் காய்ச்சறதுக்கு லெட்டர் போட்ட லாயர் மலேசியாவுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காலையில் நானும் போயிருந்தேன். கூப்பிட்டார்கள், அதனால் போனேன் என்றுதான் ஆபீஸில் சொன்னேன். உண்மையில் எனக்குப் போக ஆசையாக இருந்தது. எத்தனையோ பேருக்குப் பத்திரம் முடித்துக் கொடுத்திருக்கிறேன். சாவி கைக்குப் போனதோடு என் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்த இடங்களில் என்ன நடக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை.

வசந்தி முந்தைய நாளே வந்து கழுவி விட்டிருந்தாள். ஒட்டுப்பால் வாடை மட்டும் போகவில்லை. வாசலில் கோலம், நிலைக்கு மஞ்சள் குங்குமம். வெறும் சிமெண்டுத் தரையில் கேஸ் அடுப்பு, அதன்மேல் புதுச் சட்டி. குணா, அவன் அம்மா, இரண்டு பிள்ளைகள், அங்கிள், நான். பால் ஏறி வரும்போது யாரும் மூச்சு விடவில்லை. கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. அங்கிள் இரண்டு கையையும் தூக்கி, "ஹுவாட் ஆ!" என்று கத்தினார். செழிக்கட்டும் என்று சீனர்கள் கூவுகிற சொல். பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள்.

வசந்தி டம்ளரில் பால் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு கடையைச் சுற்றி நடந்தாள். "இங்க கவுண்டர். இங்க டயர் ரேக். பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்தா ஹோம்வர்க் பண்ண இந்த ஓரத்துல ஒரு மேசை." செருப்பில்லாத காலோடு தப் தப்பென்று நடந்தாள். அவள் நடக்கிற சத்தத்தை நான் அன்றுதான் கேட்டேன். வெளிச்சம் நன்றாக வந்த ஒரு சுவரைத் தொட்டு, "இங்க எங்கப்பா படம். ஆணி நான்தான் அடிப்பேன்" என்றாள்.

கிளம்பும்போது சாவியை அங்கிளிடம் நீட்டினாள். நீட்டினாளே தவிர விட மனமில்லை. அங்கிள் சிரித்துக்கொண்டே மெதுவாக இழுத்து வாங்கிக்கொண்டார்.

"அடுத்த தடவே நீயே வச்சிக்கோ" என்றார்.

4. சுவரில் இருந்த காலண்டர்கள்

என் மேஜைக்குப் பின்னால் தமிழ்க் காலண்டர் ஒன்றும் சீனக் காலண்டர் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். நான் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண். ஆனால் மலாக்காவில் பாதி இந்துக்களுக்கு ராகு காலமும் எமகண்டமும் நான் சொல்லித்தான் தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் தமிழர்கள் கையெழுத்துப் போட வர மாட்டார்கள். புரட்டாசியில் யோசிப்பார்கள். சீனர்களுக்கு அவர்களுடைய ஏழாம் மாதம் ஆகாது. பேய்கள் கதவு திறந்து வெளியே உலாவும் மாதம், புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பார்கள். நோன்பு மாதத்தில் ஆபீஸ்கள் சீக்கிரம் மூடும். இதையெல்லாம் தாண்டித்தான் மலாக்காவில் ஒரு கடை கைமாற வேண்டும்.

ஒப்பந்தம் ஆடி பிறந்த முதல் வாரத்திலேயே தயாராகிவிட்டது. நான் போன் செய்தேன்.

"வசந்தி, ரெடி ஆயிடுச்சு. நாளைக்கே வந்து போட்டுட்டுப் போங்க."

"ஆடியாச்சே அக்கா."

"அதான் பால் காய்ச்சியாச்சே. அப்பறம் என்ன?"

"பால் காய்ச்சியாச்சு, அதனாலதான் அக்கா அவசரம் இல்ல. கடை நம்ம கைக்கு வந்துடுச்சு. பேப்பர் ஆவணியில போட்டுக்கலாம்."

நான் விடவில்லை. பால் காய்ச்சியதால் எதுவும் கைக்கு வராது, கையெழுத்துத்தான் கட்டும் என்று சொன்னேன். ராஜன் சாரிடம் போனைக் கொடுத்தேன். அவர் திட்டினார். வசந்தி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"சார், போன கடைக்கு ஆடியிலதான் கையெழுத்துப் போட்டோம். என்னாச்சுன்னு ஒங்களுக்கே தெரியும். இது மொத சொத்து சார். எல்லாம் சரியா நடக்கணும்."

ராஜன் சார் போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பயந்தவளை வாதாடி ஜெயிக்க முடியாது. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்னவோ.

அந்த வருடம் ஆடி முடிந்ததும் சீனர்களின் ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. ஆவணி முதல் நல்ல நாளுக்கு நான் அங்கிளைக் கூப்பிட்டேன். அவர் பேசுவதற்குள் அவர் மனைவி போனை வாங்கிக்கொண்டார். இந்த மாதம் வீட்டில் எதுவும் விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, அடுத்த மாதம்தான் என்று மலாயில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பின்னால் அங்கிள் தமிழில் சொன்னது எனக்குக் கேட்டது: "நான் பேய்க்குப் பயப்படலே மேரி. இவளுக்குத்தான் பயம்."

ராஜன் சார் காலண்டர்களுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இந்தப் பக்கம் சாமி விடல, அந்தப் பக்கம் பேய் விடல. நடுவுல நான் எப்பதான் மேரி பொழைக்கிறது?"

சிரித்தோம். ஏழாம் மாதம் முடிந்து புரட்டாசி பிறப்பதற்குள் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட ஒரு நல்ல நாள் அதில் கிடைத்தது. அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு லாட்டரி விழுந்தது போல இருந்தது. அந்த நாளுக்கு முதல் நாள்தான் அங்கிள் கோப்பிக் கடையில் சாய்ந்தார்.

5. எழுதாத பேச்சு

துக்க வீட்டுக்கு நானும் குணாவும் வசந்தியும் சேர்ந்துதான் போனோம். சீனர் வழக்கப்படி வாசலில் கூடாரம் போட்டு, வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். அங்கிளின் படம் பெரிதாக இருந்தது. நன்றாகச் சிரிக்கிற படம். ஊதுபத்தி கொடுத்தார்கள். நானும் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாதா மன்னிப்பாள்.

வசந்தி மேசையில் உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தாள். வேர்க்கடலைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

"அக்கா, நான் அங்கிளுக்கு அழுவுறேனா, கடைக்கு அழுவுறேனான்னு எனக்கே தெரியல. அசிங்கமா இருக்குக்கா."

"ரெண்டுக்கும் அழு" என்றேன். "ரெண்டும் போனதுதானே."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கடை இன்னும் போகவில்லை என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தாள். அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

போய்த்தான் விட்டது. ஒப்பந்தத்தில் அங்கிள் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் இறந்தாலும் அது பிள்ளைகளைக் கட்டும். சொத்தை நிர்வகிக்கக் கோர்ட்டில் ஆள் நியமித்து, தாமதமானாலும் கடையை மாற்றிக் கொடுத்தே ஆக வேண்டும். கையெழுத்து இல்லாத ஒப்பந்தம் ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளைத் தாள்.

மூத்த மகள் தன் வக்கீலோடு ஆபீஸுக்கு வந்தார். மரியாதையான பெண். அப்பா குணா குடும்பத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், பால் பொங்கியதையும் சொல்லிச் சிரித்தார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆனால் தம்பி கடையை விற்க விரும்பவில்லை என்றார். எதுவும் கையெழுத்தாகவில்லை, அப்படித்தானே என்று ராஜன் சாரிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். ராஜன் சார் ஆமாம் என்றார்.

முன்பணம் அப்படியே திரும்பி வந்தது. சட்டப்படி யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. ஃபைலை மூடுவது என் வேலை. "முடிந்தது" என்று முத்திரை குத்திய பிறகும் அதை அலமாரியில் வைக்க மனம் வராமல் மேஜையிலேயே வெகுநாள் வைத்திருந்தேன். அந்தப் பெண் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது கண்ணிலேயே நின்றது. இந்த வேலையில் நான் அழுத ஒரே ஃபைல் அது.

வருடக் கடைசியில் டுரியான் தோப்புக் கொட்டகையைப் பிரித்தார்கள். வேறு ஒரு கடையை வாடகைக்கு எடுத்தார்கள். புதுப்பிக்கும் உரிமை, இழப்பீடு, நிலத்தின் வகை எல்லாவற்றையும் பார்த்து இந்தத் தடவை நான் வரிவரியாக எழுதிக் கொடுத்தேன். பால் எப்போது காய்ச்சப் போகிறாய் என்று வசந்தியைக் கேட்டேன். "வாடகைக் கடைதானேக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். மறுபடியும் சத்தமில்லாமல்.

6. ஆடிச் செவ்வாய்

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவர்கள் சொந்தமாகவே ஒரு கடை வாங்கினார்கள். அலோர் காஜாவிலேயே, கொஞ்சம் உள்ளே தள்ளி. ஒப்பந்தம் தயாரானபோது பார்த்தால் ஆடி. அதுவும் செவ்வாய்க்கிழமை. நானே பயந்துகொண்டுதான் போனை எடுத்தேன்.

"இன்னிக்கே வர்றோம் அக்கா" என்றாள்.

பிற்பகலில் வந்தார்கள். ராகு காலம். சுவரில் காலண்டர் அவள் முகத்துக்கு நேரே தொங்குகிறது. ராஜன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொஞ்சம் பொறுத்துப் போடறதுன்னா போடலாம்மா, ஒரு கோப்பி குடிச்சிட்டு..." என்று இழுத்தார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வேணாம் சார். பேனா குடுங்க."

பச்சை ஸ்டிக்கர் இருந்த இடத்திலெல்லாம் நிற்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனாள். விற்கிறவரும் அங்கேயே உட்கார்ந்து போட்டு முடித்தார். அடுத்த நாளே வாங்குகிறவர் பக்கத்துக் கேவியட்டை நில அலுவலகத்தில் பதிந்தேன். பிசிறில்லாமல் முடிந்த ஃபைல். குணா எங்களுக்கெல்லாம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தான்.

புதிய பிள்ளைகளுக்கு என்னிடம் பாடம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது இந்த இரண்டு ஃபைலும்தான். ஆஃபர் லெட்டரை நம்பாதீர்கள், முன்பணத்தை நம்பாதீர்கள், நல்ல மனிதரின் வாய்ச்சொல்லை நம்பவே நம்பாதீர்கள். நல்ல மனிதரும் ஒருநாள் இறந்துபோவார். தயாரான ஒப்பந்தம் மேஜையில் ஒரு நாள்கூடத் தூங்கக் கூடாது. வாடிக்கையாளர் நாள் பார்த்தால் கிண்டல் செய்யாதீர்கள், அவர்கள் பார்க்கும் நாளுக்கு முன்னாலேயே தயார் செய்து வைத்துவிடுங்கள். நான் அங்கிளின் ஒப்பந்தத்தை ஆனிக்குள் முடித்திருக்க முடியுமா என்று பலமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். வங்கிக் கடிதம் வந்த வேகத்துக்கு முடிந்திருக்காது. முடிந்திருக்கக் கூடாதா என்று மனம் மட்டும் இன்னும் கேட்கிறது.

7. துணி

இப்போது எனக்கு ஆபீஸ் இல்லை. காலையில் பசியாறிவிட்டு எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிற நாட்கள் உண்டு. தெங்கேரா பக்கம் போனால் மருந்துக் கடை வாசலில் கொஞ்சம் நின்று மாடியைப் பார்த்துவிட்டு வருவேன். ஆபீஸ் இடம் மாறிவிட்டது, மேலே இப்போது பல் வைத்தியர். படியேறிப் போக எனக்குக் காரணம் எதுவும் இல்லை. பல்லெல்லாம் நன்றாகவே இருக்கிறது.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அலோர் காஜா போனேன். வரும் வழியில் ஆ லெக் அங்கிளின் மூலைக் கடையைத் தாண்ட வேண்டும். அவர் பிள்ளைகள் அதை டோபிக் கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். நாமே போய் மெஷினில் காசைப் போட்டுத் துவைத்துக்கொள்கிற டோபி. ஆள் கிடையாது. கதவும் சாத்துவதில்லை, யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். கண்ணாடி வழியாக உள்ளே வெளிச்சமாகத் தெரிந்தது. வசந்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் கை கோத்துக்கொண்டு, துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு.

காரை நிறுத்தி இறங்கிப் போனேன்.

"என்ன வசந்தி, வீட்டுல மெஷின் கெட்டுப்போச்சா?"

"வாங்கக்கா" என்று எழுந்தாள். "இல்லக்கா. நல்லாத்தான் ஓடுது."

"அப்பறம் ஏன் இங்க வந்து காசப் போடுற? ஒன் கடைகூட இங்கேருந்து பக்கத்துலதானே?"

இரண்டு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் பிள்ளைகளின் பள்ளிச் சட்டை, இன்னொன்றில் குணாவின் கிரீஸ் படிந்த உடுப்பு. அங்கே சோப்பு வாசம்தான் இருந்தது.

"வாரத்துக்கு ஒருக்கா வருவேன்க்கா. இவருக்குத் தெரியும், கேக்க மாட்டாரு. நாங்க வாங்கின கடை என் பேருல இருக்கு, ஒரு கொறையும் இல்ல. ஆனா..." அன்று தொட்டுக் காட்டிய சுவர்ப் பக்கம் பார்த்தாள். அங்கே விலைப்பட்டியல் ஒட்டியிருந்தது. "துணி ஓடுற வரைக்கும் இங்க உக்காந்திருக்கலாம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

பட்டாவில் ஏறுகிற பெயரைத் தவிர வேறெந்தச் சொந்தமும் கிடையாது என்று ஆயுசு முழுக்க எல்லாருக்கும் சொன்னவள் நான். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளியே கார் நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றிருந்தது, அதையும் மறந்துவிட்டேன்.

"நிக்கிறீங்களேக்கா, உக்காருங்க" என்றாள், தன் வீட்டுக்கு வந்தவளிடம் சொல்வதைப்போல. துணிக்கூடையை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தாள்.